'அம்மை' என்று இருந்துவிடலாமா?

குழந்தைக்குக் காய்ச்சல், உடம்பில் சிவந்த தடிப்பு, கண்ணில் சிவப்பு. நம் வீடுகளில் உடனே வரும் தீர்ப்பு, 'அம்மை'. வேப்பிலை வந்துவிடும், டாக்டரிடம் போவது நின்றுவிடும். பெரும்பாலும் ஏதோ வைரஸ் காய்ச்சலாக இருந்து தானே தணியும். ஆனால் இதே வேடத்தில் வருவது கவாசாகி நோய்.

ஜப்பானியக் குழந்தை மருத்துவர் டோமிசாகு கவாசாகி 1961-இல் முதலில் கண்டு, 1967-இல் 50 குழந்தைகளைப் பற்றி எழுதினார். இரத்தக் குழாய்களின் சுவரில் அழற்சி ஏற்படும் நோய் இது. பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்டவர்களுக்கே வருகிறது. ஆபத்து இதயத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் கொரோனரி குழாய்களுக்கு. சிகிச்சையின்றி விட்டால் நான்கைந்து குழந்தைகளில் ஒன்றுக்கு அவை புடைத்துவிடலாம். 10 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் மருந்தை நரம்பில் ஏற்றினால் இந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

5 நாட்களுக்கு மேல் காய்ச்சல், பீளை தள்ளாத கண் சிவப்பு, வெடித்த உதடு, ஸ்ட்ராபெரி போன்ற நாக்கு, தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்தில் ஒரு பக்கம் நெறிகட்டுதல். பாடப் புத்தகம் சொல்வது இவ்வளவு. குழந்தைகள் பாடப் புத்தகப்படி நோயுறுவதில்லை! ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, அதிலும் 6 மாதத்திற்குட்பட்டதற்கு, விடாத காய்ச்சலும் ஓயாத அழுகையும் மட்டுமே இருக்கலாம். கொரோனரி பாதிப்பு அதிகம் நேர்வதும் இவர்களுக்கே. சில குழந்தைகளுக்குக் கழுத்துக் கட்டி மட்டும் தெரியும், ஆன்டிபயாடிக் கொடுத்தும் அடங்காது. சிறுநீரில் சீழ் அணுக்கள் தெரிந்து, கல்ச்சரில் கிருமி வளராமலும் போகலாம். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. தழும்பு திடீரென்று சிவந்து தடித்தால் அதுவும் நல்ல தடயம். விரல் நுனித் தோல் உரிவது இரண்டாவது வாரத்திற்குப் பின்புதான். அதற்காகக் காத்திருப்பது வீண்.

இன்னொரு சங்கடம், அறிகுறிகள் எல்லாம் ஒரே நாளில் நிற்பதில்லை. திங்களன்று சிவந்த கண் வியாழனன்று வெளுத்திருக்கும். டாக்டர் பார்ப்பது வியாழக்கிழமைக் குழந்தையை. ஆகவே தேதி போட்டு எழுதி வையுங்கள், தடிப்பைப் படம் எடுங்கள். கன்னடம் மட்டும் பேசும் நர்ஸிடம், "ஐது தினதிந்த ஜ்வர இதெ, கண்ணு கெம்பாகித்து" என்றால் போதும். எக்கோ பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள், அதில் வலியில்லை. ஆஸ்பிரின் இந்நோய்க்குத் தருவதுண்டு, ஆனால் மருத்துவர் சொல்லாமல் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

இம்யூனோகுளோபுலின் ஏற்றிய குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசியைச் சுமார் 11 மாதம் தள்ளிப்போடுவார்கள். விடுமுறைக்கு ஊர் போகையில் டிஸ்சார்ஜ் சீட்டையும் தடுப்பூசி அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள்.