வயிற்றில் குடல்வாய் அமைந்தவர்களும் தாங்கு பெல்ட்டும்

வெளியில் சொல்லக் கூசும் வியாதிகளே கிராமத்துக் குடும்பங்களை அதிகமாக வாட்டுகின்றன. காய்ச்சல் என்றால் அண்டை வீட்டார் வந்து விசாரிப்பர்; கால் முறிந்தால் வயல் வேலையில் ஒரு நாள் கைகொடுப்பர். மலம் கழியும் வழியில் நோய் கண்டு, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, வயிற்றில் பையுடன் ஊர் திரும்புகிறவரை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. அவரும் வாசலுக்கு வருவதில்லை. புண் ஆறிப் பல மாதங்கள் கழிந்த பின்னரும், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டினுள்ளேயே காலங்கழிப்பவர்களை எனது சுற்றுப்பயணங்களில் கண்டிருக்கிறேன். அவர்களுள் பலர் டாக்டரின் அனுமதியுடன் வேலைக்குத் திரும்பக் கூடியவர்களே. அவ்வாறு திரும்புவதற்குத் துணை செய்யும் பொருள்களுள் ஒன்று வயிற்றைத் தாங்கும் பெல்ட். பார்வைக்கு எளிய பொருள்தான். ஆயினும் பொருத்தமில்லாததை வாங்கினால் உதவிக்குப் பதில் உபத்திரவமே மிஞ்சும். அதனை அளந்து, ஆராய்ந்து, அணிந்து பார்த்து வாங்கும் முறையை இங்கு விளக்குவோம்.

இது டாக்டர் எழுத வேண்டிய விஷயமாயிற்றே, வட்டார வளர்ச்சி அலுவலர் எழுதுவானேன் என்று அங்கத்தினர் சிலர் வினவலாம். நோயைப் பற்றிய முடிவு டாக்டருடையதே. அதில் நமக்கு இடமில்லை. ஆனால் ஒருவர் நாள் முழுவதும் குனிந்து வேலை செய்கிறாரா, குந்தி உட்காருகிறாரா, எவ்வளவு பாரம் தூக்குகிறார், வேட்டியை எங்கே இறுக்குகிறார் என்பன நகரத்து ஆஸ்பத்திரியில் இருப்பவருக்குத் தாமாகத் தெரியமாட்டா. பெல்ட் பொருந்துவதும் பொருந்தாததும் பெரும்பாலும் இவற்றையே பொறுத்தது.

முதலில் குடல்வாய் என்பது யாது எனப் பார்ப்போம். புற்றுநோயினால் குடலின் ஒரு பகுதியை அகற்ற நேரிடலாம். குடலில் ஓட்டை விழுந்தோ, மாடு முட்டிக் கிழிந்தோ, அப்பகுதிக்குச் சில மாதங்கள் ஓய்வு கொடுக்க வேண்டியிருக்கலாம். அப்போது டாக்டர்கள் குடலின் முனையை வயிற்றுச் சுவரின் வழியே வெளியே கொணர்ந்து தோலுடன் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். இத்திறப்பை ஸ்டோமா என்பர். கிரேக்க மொழியில் இச்சொல்லுக்கு வாய் என்பது பொருள். பெருங்குடலிலிருந்து அமைத்தது பெரும்பாலும் வயிற்றின் இடப்புறத்திலும், சிறுகுடலிலிருந்து அமைத்தது வலப்புறத்திலும் இருக்கும். மூத்திரப்பையை அகற்றியவர்களுக்குச் சிறுநீர் வெளியேறவும் இவ்வாறு ஒரு வாய் அமைப்பதுண்டு. சிலருக்கு இது தற்காலிகம், பின்னர் மூடிவிடுவார்கள். சிலருக்கு ஆயுள் முழுவதும் இருக்கும்.

நல்ல நிலையிலுள்ள குடல்வாய், நமது வாயின் உட்புறம் போன்று சிவந்து ஈரமாக இருக்கும். அதில் வலியை உணரும் நரம்பு கிடையாது. இதனை வாசகர்கள் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். செருப்புக் கடித்தால் கால் சொல்லிவிடும்; பெல்ட்டின் விளிம்பு உராய்ந்து குடல்வாயைப் புண்ணாக்கினால் அது சொல்லாது. கண்ணால் பார்த்தே அறிதல் வேண்டும்.

முற்காலத்தில் துணி, ரப்பர், உலோகம் முதலியவற்றால் ஆன கருவிகளை வாரினால் இடுப்பில் இறுக்கிக் கட்டி வந்தனர். 1954-இல் டென்மார்க் தேசத்துச் செவிலியரான எலிசே சோரன்சன், தம் சகோதரியின் துன்பத்தைக் கண்டு, தோலில் பசையால் ஒட்டிக்கொள்ளும் பை ஒன்றை யோசித்தார். இன்றைய பைகள் அவ்வழியில் வந்தவை. பை பசையினாலேயே நிற்பதால், பெல்ட் இல்லாவிட்டால் பை விழுந்துவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. நாம் இங்கே பேசும் பெல்ட் வயிற்றைத் தாங்குவதற்காக.

வயிற்றுச் சுவரில் குடலை வெளியே கொணர ஒரு வழி செய்யும்போது அவ்விடத்துத் தசை பலவீனப்படுகிறது. இருமும்போதும், பாரம் தூக்கும்போதும், மலச்சிக்கலால் முக்கும்போதும் உள்ளிருந்து அழுத்தம் மிகுகிறது. அப்போது குடலின் வேறொரு பகுதி குடல்வாயின் பக்கத்தில் தோலுக்கடியில் புடைத்து வந்துவிடும். இதுவே குடல்வாயை ஒட்டிய குடலிறக்கம். நிரந்தரக் குடல்வாய் உடையோருள் முதல் ஆண்டிலேயே நூற்றுக்கு 30 பேருக்கு மேலும், இரண்டு ஆண்டுகளில் 40 பேர் வரையும் இதற்கு ஆளாகின்றனர் என்பது ஐரோப்பியக் குடலிறக்க மருத்துவச் சங்கம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டியின் மதிப்பீடு. பாரம் தூக்கிப் பிழைப்பவர்கள் இதனை அலட்சியம் செய்தலாகாது.

பெல்ட் அணிந்தால் குடலிறக்கம் வரவே வராது என்று கூறுகிற வியாபாரியை நம்ப வேண்டாம். அவ்வாறு உறுதி கூறப் போதுமான ஆராய்ச்சிச் சான்று இல்லை. வந்துவிட்ட குடலிறக்கத்தையும் பெல்ட் குணமாக்காது. அது செய்வது தாங்குதல் ஒன்றே. புடைப்பு கீழே இழுக்கும் பாரமும் நோவும் குறையும். நிமிர்ந்து நடக்கத் தைரியம் உண்டாகும். வயிறு ஓரளவு சமனாவதால் பையின் ஒட்டுத் தகடு சுருங்கி விலகுவதும் குறையலாம். இவ்வளவு பயன் கிடைப்பதே பெரிது அன்றோ?

கடையில் பெல்ட் என்று பொதுவாகக் கேட்டால் வெவ்வேறு பொருள்களை எடுத்துப் போடுவார்கள். ஓர் அங்குல அகலமுள்ள இழுவை நாடா ஒன்று உண்டு; அதன் இரு முனைகளிலும் உள்ள கொக்கிகளைப் பையின் காதுகளில் மாட்டுவர். அது பையைத் தோலோடு சற்று அழுத்திப் பிடிக்க மட்டுமே உதவும், வயிற்றைத் தாங்காது. பிரசவத்துக்குப் பின் தாய்மார் கட்டும் பெல்ட் மற்றொன்று. அது பையைக் கருதிச் செய்யப்பட்டதன்று. முதுகு வலிக்காரர் அணியும் கம்பி வைத்த பெல்ட் முற்றிலும் வேறு. நமக்கு வேண்டியது குடல்வாய் உடையோர்க்கென்றே செய்யப்பட்ட அகலமான தாங்கு பெல்ட். நமது பெரியவர்கள் சிலர், வேட்டியின்மேல் அணியும் பச்சை நிறப் பெல்ட்டையே இறுக்கிக்கொண்டால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. அதன் பொத்தானும் பணப்பையும் குடல்வாயின்மேல் உட்கார்ந்தால் கெடுதலே உண்டாகும்.

இனி அளவெடுத்தல். இதில் அவசரம் கூடாது. குடலிறக்கம் உள்ளவர் நிற்கும்போது வயிறு புடைத்திருக்கும். படுத்தால் புடைப்பு உள்ளே செல்லும். ஆதலின் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிச் சிறிது நேரம் ஓய்ந்திருந்த பின்னர், குடல்வாய் இருக்கும் மட்டத்தில் உடலைச் சுற்றி நாடாவால் அளக்க வேண்டும். பின்பு நின்றும் ஒரு முறை அளக்க வேண்டும். தயாரிப்பாளர் சிலர் ஓர் அளவையும் சிலர் மற்றொன்றையும் கேட்பதால் இரண்டையும் எழுதிக்கொண்டு செல்வது நலம். கால்சட்டைக்கு எடுத்த இடுப்பளவைச் சொல்லி வாங்குவது பயன்படாது; அது வேறு மட்டத்தில் எடுத்தது.

அடுத்தது அகலம். இவ்வகை பெல்ட்டுகள் ஏறக்குறைய 10 செ.மீ. முதல் 25 செ.மீ. வரை அகலத்தில் கிடைக்கின்றன. குடல்வாய்க்கு மேலும் கீழும் உள்ள புடைப்பு முழுவதையும் மூடும் அளவு இருத்தல் வேண்டும். புடைப்பின் நடுவில் விளிம்பு விழுமாயின், தாங்குவதற்குப் பதிலாக அது அறுக்கும். அகலம் மிகுந்ததே நல்லது என்றும் எண்ணலாகாது. அலுவலகத்தில் நாற்காலியில் அமர்பவருக்கு ஏற்ற 25 செ.மீ. பெல்ட், குந்தி உட்கார்ந்து களை பறிப்பவரின் விலா எலும்பிலும் தொடையிடுக்கிலும் குத்தும். எனவே குந்திய நிலையில் விலாவின் கீழ் விளிம்புக்கும் தொடை மடிப்புக்கும் உள்ள தூரத்தை அளந்து, அதற்கு மேற்படாத அகலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குள்ளமான உடலினருக்கும் பெண்களுக்கும் இது முக்கியம்.

துளை உள்ளதா, இல்லாததா என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். துளையுள்ள பெல்ட்டில் பையை வெளியே இழுத்துத் தொங்கவிடலாம். நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பதும் காலி செய்வதும் சுலபம். நீராக அடிக்கடி வெளிவரும் சிறுகுடல்வாய்க்கும் சிறுநீர் வாய்க்கும் இதனை நான் விரும்புவேன். ஆனால் துளையின் அளவு சரியாக இருத்தல் வேண்டும். அளக்க வேண்டியது குடல்வாயை அன்று. பையைப் பொருத்தும் வளையத்தின் வெளி விட்டத்தை. துளை பெரிதானால் புடைப்பு அதன் வழியே பிதுங்கி வரும். சிறிதானால் வளையத்தை நெருக்கும். பையின் கம்பெனியை மாற்றினால் வளையத்தின் அளவும் மாறக்கூடும் என்பதை மறக்கலாகாது. துளையில்லாத பெல்ட் வயிறு முழுவதையும் ஒரே சீராகத் தாங்கும். வேர்வையில் மடங்கும் விளிம்பும் குறைவு. ஆனால் அதன் அடியில் அகப்பட்ட பையில் மலம் கீழே இறங்காமல் குடல்வாயருகிலேயே தேங்கி, ஒட்டுத் தகட்டின் கீழே கசியலாம். கெட்டியாக, நாளுக்கு ஓரிரு முறை கழியும் பெருங்குடல்வாய் உடையோர் இதனை அணிந்து, இடையிடையே தளர்த்திவிடுவாராயின் தொல்லை குறையும். துளையில்லாததை மலிவாக வாங்கி வீட்டில் கத்தரியால் வெட்டிக்கொள்வது தகாது. வெட்டிய இடத்தில் நூல் பிரிந்து இழுவைச் சக்தி போய்விடும். கரடான ஓரம் குடல்வாயை உராயும்.

துணி காற்றோட்டம் உள்ளதாக இருக்கட்டும். சித்திரை வெயிலில் தடித்த ரப்பர் பெல்ட் அணிந்தவருக்கு வேர்வையால் ஒட்டுத் தகடே கழன்றுவிடும். வெல்க்ரோ ஒட்டு எந்தப் பக்கம் வருகிறது என்றும் பார்க்க வேண்டும். குடல்வாய்க்கு எதிர்ப்புறம் வந்தால் நல்லது.

கடையில் கண்ணாடிமுன் நின்று பார்ப்பதோடு நிறுத்தலாகாது. நாற்று நடுவதுபோல் குனிந்தும், குந்தி எழுந்தும், சிறிது நடந்தும் பார்க்க வேண்டும். பெல்ட் மேலேறிச் சுருண்டால் அது நமக்கு ஆகாது. இணையத்தின் வழியே வருவிப்பவர்கள், பொருந்தாவிடில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முன்னரே விசாரிக்கட்டும்.

அணியும் முறையும் தேர்வைப் போன்றே முக்கியமானது. காலையில் எழுமுன், அல்லது மீண்டும் படுத்து, புடைப்பு உள்ளே சென்றபின் அணிய வேண்டும். நின்றுகொண்டு அணிந்தால் புடைப்பை வெளியே வைத்துக் கட்டுவதாகும். முதல் நாள் ஓரிரு மணி நேரம் போதும். பின்னர் படிப்படியாகக் கூட்டலாம். பெல்ட்டுக்கும் உடலுக்கும் இடையே இரு விரல்கள் எளிதில் நுழைய வேண்டும். அரை மணி கழித்துத் தளர்த்திக் குடல்வாயின் நிறத்தைப் பார்க்க வேண்டும். டாக்டர் வேறு கூறாவிட்டால் இரவில் கழற்றிவிடலாம். அரைஞாண் கயிறு, வேட்டி முடிச்சு, பாவாடை நாடா ஆகியவை குடல்வாயின்மேல் குறுக்கே ஓடாதபடி மேலேயோ கீழேயோ மாற்றிக்கொள்ள வேண்டும். இனிமேல் அறுவைச் சிகிச்சைக்குச் செல்பவராயின், வேட்டி கட்டும் இடத்தையும் குந்தும் பழக்கத்தையும் டாக்டரிடம் முன்னரே சொல்வது நன்று. குடல்வாய் அமையும் இடத்தை முன்கூட்டியே தோலில் குறிக்கும் வழக்கம் உண்டு.

பெல்ட் போட்டுக்கொண்டு யூரியா மூட்டை தூக்கலாமா என்று ஒரு விவசாயி என்னைக் கேட்டார். மூட்டையின் எடை 45 கிலோ. தூக்கலாகாது. 16 லிட்டர் தெளிப்பானும் நிரப்பினால் 20 கிலோவை நெருங்கும். அதன் வாரும் வயிற்றை இறுக்கும். அறுவைக்குப் பின் முதல் மூன்று மாதங்கள் பாரம் அறவே கூடாது. அதன் பின்னர் எவ்வளவு என்பதை டாக்டரே கூற வேண்டும். மடை திருப்புதல், விதை தேர்தல், மாட்டைக் கவனித்தல், கணக்கு எழுதுதல் போன்ற வேலைகள் ஏராளமாக உள்ளன. சிறுகுடல்வாய் உடையோர் வெயிலில் வேலை செய்யும்போது உடலிலிருந்து உப்பும் நீரும் விரைவில் குறையும். உப்பு சர்க்கரைக் கரைசலைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக் கையில் வைத்திருப்பது அவசியம்.

குடல்வாய் கருநீலமாகவோ கருப்பாகவோ மாறினாலும், புடைப்பு கல்லைப்போல் இறுகி உள்ளே செல்லாது வலித்தாலும், வாந்தியுடன் பையில் எதுவும் வராது நின்றாலும், உடனே பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. 108 வண்டியை அழைக்கத் தயங்க வேண்டாம்.

பஞ்சாயத்து அங்கத்தினர் செய்யக் கூடியவை சில உண்டு. பொதுக் கழிப்பிடத்தில் சட்டையையும் பையையும் மாட்ட ஓர் ஆணி, கை எட்டும் உயரத்தில் ஒரு குழாய், மூடியுள்ள குப்பைத் தொட்டி ஆகிய மூன்றும் பெருஞ்செலவின்றி அமைக்கத்தக்கவை. பழைய பையைக் கழிப்பிடத்துக்குள் போட்டால் அடைத்துக்கொள்ளும் என்றும் எழுதி வைக்கலாம். கிராம சபைக் கூட்டத்தில் அவருக்கு வாயிலருகே இடம் கொடுத்தால், பை நிறைந்தபோது கூச்சமின்றி எழுந்து செல்வார். ஊரில் இத்தகையவர் இருப்பதைக் கிராம சுகாதாரச் செவிலியர் வழியாக அறிந்து, அவருடைய சம்மதத்துடன் பேசுவதே முறை; சபையில் பெயர் சொல்லி விசாரிப்பது முறையன்று. மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், பையும் பெல்ட்டும் அங்கேயே கிடைக்குமா என்று சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்க்கலாம்.

பெல்ட்டை மிதமான சோப்பு நீரில் கையால் துவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்த வேண்டும். கொதிநீரும் கடும் வெயிலும் அதன் இழுவையைக் கெடுக்கும். இழுத்து விட்டால் பழைய அளவுக்குத் திரும்பாத பெல்ட் வெறும் துணியே. அதனை மாற்ற வேண்டியதுதான். ஈரமானதை அணிந்து வயலுக்குச் சென்றால் தோல் வெந்துவிடும். ஆகையால் இயன்றவர்கள் இரண்டாக வாங்கி, ஒன்று உலரும்போது மற்றொன்றை அணிந்துகொள்ளட்டும்.