வியன்னாவில் மருத்துவ மாநாடு: பாஸ்போர்ட் முதல் ஊர் திரும்பும் நாள் வரை

"உங்கள் ஆய்வுச் சுருக்கம் ஏற்கப்பட்டது" என்று மின்னஞ்சல் வந்த அன்று துறை முழுக்க இனிப்பு கொடுப்போம். பயண ஏற்பாட்டை மட்டும் "பரீட்சை முடியட்டும், டியூட்டி முடியட்டும்" என்று தள்ளிவைப்போம். நல்ல ஆய்வு செய்த இளம் மருத்துவர்கள் விசா தாமதத்தால் மேடையேற முடியாமல் போவது இந்த இடத்தில்தான். ஆய்வுக்குச் செலுத்திய அக்கறையில் பத்தில் ஒரு பங்கு இதற்கும் வேண்டும்.

ஐரோப்பிய ரேடியாலஜி மாநாட்டுக்கு 1991 முதல் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாதான் வீடு. பெரும்பாலும் பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ நடக்கும். தமிழ்நாட்டிலிருந்து முதன்முறையாக அதற்குப் போகிறவரை மனத்தில் வைத்து இந்தப் படிகளை எழுதுகிறேன். வேறு துறை மாநாடு என்றாலும், ஷெங்கன் நாட்டில் நடப்பதென்றால் முதல் இரண்டு படிகள் அப்படியே பொருந்தும்.

படி 1: பெயரைச் சரிபாருங்கள் (ஆறு மாதம் முன்பு)

நம் ஊரில் இனிஷியல் போதும். பாஸ்போர்ட்டில் அது தந்தை பெயராக விரிந்திருக்கும். மாநாட்டுப் பதிவு, அழைப்புக் கடிதம், விமான டிக்கெட், காப்பீடு ஆகிய நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து பெயர் இருக்க வேண்டும். மருத்துவமனைக் கடிதத்தில் வேறு மாதிரி இருந்தால் இப்போதே மாற்றி வாங்குங்கள்.

பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக, ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாக இருக்க வேண்டும்.

அரசு மருத்துவர்கள் வெளிநாட்டுப் பயண அனுமதிக்கான கோப்பை எல்லாவற்றுக்கும் முன்னால் நகர்த்திவிடுங்கள். கோப்பு எத்தனை மேசை தாண்ட வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

படி 2: விசா (நான்கு மாதம் முன்பு)

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்தாக வேண்டும். சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும். கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் 45 நாள் வரை போகலாம். விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகலாம் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

கையில் இருக்க வேண்டியவை:

- மாநாட்டு அழைப்புக் கடிதம், பதிவுக் கட்டண ரசீது, ஆய்வு ஏற்கப்பட்ட கடிதம்
- மருத்துவமனை அல்லது கல்லூரியின் விடுப்புக் கடிதம், தடையில்லாச் சான்று
- வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு
- போக வர டிக்கெட் முன்பதிவு, தங்குமிட உறுதி
- ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் பொருந்தும், குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு
- கல்லூரியோ மற்றவரோ செலவை ஏற்பதானால் அதற்கான கடிதம்

இங்கே பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. மாநாடு ஐந்து நாள், அதன்பின் குடும்பத்தோடு பாரிஸில் எட்டு நாள் என்று திட்டமிட்டால், அதிக நாள் தங்கும் பிரான்ஸிடம்தான் விசா கேட்க வேண்டும். ஆஸ்திரியாவிடம் கேட்டால் மறுக்கப்படலாம். முதல் பயணத்தில் ஊர்சுற்றலைச் சுருக்கிக்கொள்வது நல்லது.

விசா ஒட்டிவந்ததும் அதில் தேதிகளை மட்டும் பார்க்காமல், எத்தனை நாள் தங்கலாம் என்ற எண்ணையும் படியுங்கள். இரண்டும் வேறு வேறு.

படி 3: விமானமும் அறையும் (மூன்று மாதம் முன்பு)

சென்னையிலிருந்து துபாய், தோஹா வழியாகப் போனால் குடிவரவுச் சோதனை வியன்னாவில் நடக்கும். ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் அங்கேயே நடந்துவிடும். அதனால் இணைப்பு விமானத்துக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முகப்படத்துடன் கூடிய புதிய மின்னணுப் பதிவு முறை வந்திருப்பதால் வரிசை நீளலாம். அழைப்புக் கடிதம், தங்குமிட உறுதி, திரும்பும் டிக்கெட் மூன்றையும் அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள்.

மாநாடு நடக்கும் 'ஆஸ்திரியா சென்டர் வியன்னா', ஐ.நா. அலுவலக வளாகத்தை ஒட்டி இருக்கிறது. அருகிலேயே யூ1 மெட்ரோவின் 'கைசர்மூலன்' நிலையம். அறை தேடும்போது மாநாட்டு அரங்குக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காமல், யூ1 பாதையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஊர் நடுவிலுள்ள ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸிலிருந்தே ஆறு நிறுத்தம்தான். மைய ரயில் நிலையத்தின் பக்கம் தங்கினாலும் ஒன்பது நிறுத்தம், வண்டி மாற வேண்டியதில்லை.

ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். மாநாட்டுக் காலத்தில் வியன்னா நேரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். அங்கே காலை எட்டு மணி அமர்வு நம் உடம்புக்கு மதியம் பன்னிரண்டரை, அதனால் காலை உரைகளைத் தெளிவாகக் கேட்கலாம். மாலை ஆறு மணி அமர்வு நமக்கு இரவு பத்தரை. கண் சொக்கும். முக்கியமான சந்திப்புகளைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: பெட்டி கட்டுதல்

பிப்ரவரி இறுதியில் குளிர் உறைநிலையை ஒட்டி இருக்கும், ஆனால் அரங்குக்குள் கதகதப்பு. ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட, கழற்றி மாட்டக்கூடிய மூன்று அடுக்கு ஆடைகள் உதவும். மேல்கோட்டை வாசலில் ஒப்படைத்து வில்லை வாங்கிக்கொள்ளும் இடம் உண்டு. ஈரம் உள்ளே வராத, ஏற்கெனவே காலுக்குப் பழகிய காலணியைப் போடுங்கள்.

சாப்பாட்டுப் பொருளில் கவனம் தேவை. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருக்கிறது. அதனால் நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். கறிவேப்பிலை, மாம்பழம் போன்ற பசுமையானவற்றுக்கும் தாவர நலச் சான்று வேண்டும். இட்லிப் பொடி, முறுக்கு ஆகியவற்றால் தொல்லை இல்லை.

உங்கள் மருந்துகளை அட்டையோடு, மருந்தின் பொதுப்பெயர் எழுதிய மருத்துவச் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். நம் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது, ஐரோப்பிய அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். 

இந்த மாநாட்டில் போஸ்டர்கள் மின்னணு வடிவில்தான் ஏற்றப்படுகின்றன என்பதால் சுருட்டிய போஸ்டரைத் தூக்கிச் செல்லும் அவசியம் இல்லை. ஸ்லைடுகளைப் பென்டிரைவ், மின்னஞ்சல் இரண்டிலும் வையுங்கள். கிளம்பும் முன் ஒவ்வொரு ஸ்கேன் படத்தையும் திறந்து, ஓரத்தில் நோயாளியின் பெயரோ எண்ணோ தெரிகிறதா என்று பாருங்கள். நம்மை நம்பிப் படுத்த நோயாளியின் பெயர் வேற்று நாட்டுத் திரையில் தெரியக் கூடாது.

படி 5: விமான நிலையத்திலிருந்து அறைக்கு

விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. மைய ரயில் நிலையத்துக்குப் போகும் 'ரெயில்ஜெட்' கால் மணி நேரத்தைச் சற்றே தாண்டும். இறங்கி யூ1 பிடிக்கலாம். பச்சை நிற 'சிட்டி ஏர்போர்ட்' ரயிலும் விரைவுதான், ஆனால் கட்டணம் அதிகம். அது போய்ச் சேரும் நிலையத்தில் யூ1 கிடையாது.

மாநாட்டு நாட்களுக்கு 24 மணி நேரச் சீட்டோ ஏழு நாள் சீட்டோ வாங்குங்கள். விமான நிலையம் நகர எல்லைக்கு வெளியே என்பதால் அந்தத் தூரத்துக்குத் தனிச் சீட்டு வேண்டும். நிலையங்களில் தடுப்புக் கதவு இருக்காது. அதை நம்பி ஏறிவிட வேண்டாம். சாதாரண உடையில் பரிசோதகர் வருவார், அபராதம் நூறு யூரோவைத் தாண்டும். முத்திரை குத்த வேண்டிய காகிதச் சீட்டு என்றால் நடைமேடைக்குப் போகும் வழியில் உள்ள பெட்டியில் குத்திக்கொள்ளுங்கள்.

மாநாட்டு அரங்குக்கு 'லியோபோல்டாவ்' என்று பலகை காட்டும் வண்டி. திரும்பும்போது 'ஓபர்லா' பக்கம் போகும் வண்டி. நகரும் படிக்கட்டில் வலப்பக்கம் நில்லுங்கள், இடப்பக்கம் நடப்பவர்களுக்கு.

படி 6: சாப்பாடு, தண்ணீர், பணம்

தண்ணீர் பாட்டிலுக்குக் காசு செலவழிக்காதீர்கள். 1873இல் திறந்த குழாய்ப்பாதை வழியாக ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர் இன்றும் வியன்னா வீட்டுக் குழாய்களில் வருகிறது. காலி பாட்டிலில் பிடித்துக் குடிக்கலாம்.

சைவர்கள் "ஓனே ஃப்ளைஷ், ஓனே ஃபிஷ்" (இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல்) என்ற சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தோசையை நறுக்கிப் போட்டது போல ஒரு சூப் வரும், பெயர் 'ஃபிரிட்டாட்டன் சூப்'. பார்க்கச் சைவம் போல இருந்தாலும் அது மாட்டிறைச்சிச் சாறு. காபிப் பிரியர்கள் 'மெலாஞ்ச்' கேளுங்கள்; பால் காபி, கூடவே ஒரு தம்ளர் தண்ணீரும் வரும்.

ஞாயிற்றுக்கிழமை பல்பொருள் அங்காடிகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களிலும் விமான நிலையத்திலும் உள்ள சில மட்டும் திறந்திருக்கும். ரொட்டி, தயிர், பழம் எல்லாவற்றையும் சனிக்கிழமையே வாங்கிவையுங்கள்.

பெரும்பாலும் கார்டு செல்லும், இருந்தாலும் சின்னக் கடைகளுக்காகக் கொஞ்சம் ரொக்கம் வேண்டும். ஏ.டி.எம். "ரூபாயிலா, யூரோவிலா?" என்று கேட்டால் யூரோவைத் தேர்ந்தெடுங்கள்; ரூபாயில் கணக்கிட்டால் கூடுதலாகப் பிடிப்பார்கள்.

படி 7: உடம்புக்கு முடியாவிட்டால்

ஆம்புலன்ஸுக்கு 144, போலீசுக்கு 133, எந்த அவசரத்துக்கும் 112. மருந்துக்கடைக்கு 'அபோதேக்கே' என்று பெயர். சிவப்பு நிற 'ஏ' எழுத்து அடையாளம். பாராசிட்டமால்கூட அங்கேதான் கிடைக்கும், சாதாரணக் கடையில் கிடைக்காது. காப்பீட்டு நிறுவனத்தின் தொலைபேசி எண்ணைத் தாளிலும் எழுதி பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

படி 8: கடைசி அரை நாள்

கிளம்புவதற்கு முன் பங்கேற்புச் சான்றிதழைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். ஊரில் விடுப்புக்கும் செலவுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

பிறகு அரண்மனைகளுக்குப் போகும் கூட்டத்தை விட்டுவிட்டு, வேரிங்கர் சாலைப் பக்கம் போங்கள். பிரசவ வார்டில் கை கழுவச் சொல்லி 1847இல் செம்மல்வைஸ் தாய்மார்களைக் காத்த பழைய பொது மருத்துவமனை இருந்த வட்டாரம் அது. 1785இல் திறந்த 'யோசஃபினும்' கட்டடத்தில், ஃபிளாரன்ஸ் கலைஞர்கள் மெழுகில் வடித்த உடற்கூற்று உருவங்கள் இருக்கின்றன. திறந்திருக்கும் நாளைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அருகிலுள்ள ஆர்னே கார்ல்சன் பூங்காவில் ஒரு சிலை நிற்கிறது. எக்ஸ்ரே புதிதாயிருந்த காலத்தில் அதை மருத்துவத்துக்குப் பழக்கிய கிடோ ஹோல்ட்ஸ்க்னெக்ட், அதே கதிர்களின் பாதிப்பால் 1931இல் இறந்தார். கையில் டோசிமீட்டர் பேட்ஜோடு வேலை செய்யும் நாம் அவர் முன்னால் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு, யூ1 பாதைக்கு வந்து, ஓபர்லா வண்டி பிடித்து மைய ரயில் நிலையம் போகலாம். விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருக்கும்போது கிளம்புங்கள்.