கூலிக்கும் தராசு வேண்டும்



ஒரு கிலோ பருப்பை நாம் கண்ணளவில் அள்ளிக் கொடுப்பதில்லை. தராசில் வைத்து நிறுத்த பிறகே பொட்டலம் கட்டுகிறோம். அளவில் மோசம் செய்வோரைப் பற்றித் திருக்குர்ஆனில் ஒரு தனி அத்தியாயமே இருப்பதை நாம் அறிவோம். ஆனால் நம் கடையில் நாள் முழுதும் நின்று உழைக்கும் ஆளின் நேரத்தை மட்டும் நம்மில் பலர் கண்ணளவிலேயே கணக்கிட்டு வருகிறோம். இது முறையாகுமா?

பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் மளிகைக் கடையில் நடந்ததையே முதலில் சொல்லி விடுகிறோம். இராமநாதபுரம் பக்கத்துத் தம்பி ஒருவர் எங்களிடம் இரண்டு ஆண்டு வேலை பார்த்தார். ஊர் திரும்பும் வாரத்தில், "முதலாளி, கடை அடைத்த பிறகு சாமான் அடுக்கிய நேரத்துக்குக் கூலி சேரவில்லையே" என்று பணிவாகக் கேட்டார். "எப்போதாவது அரை மணி இருந்திருப்பாய் தம்பி, அதற்கென்ன கணக்கு?" என்றோம். அவர் ஒரு சிறு நோட்டை எடுத்து வைத்தார். தேதிவாரியாக நேரம் எழுதியிருந்தது. சம்பளம் பிந்திய மாதங்களும் குறித்திருந்தன. அந்த மாதங்களில் அவர் தாயார் ஊர்க் கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கினாராம். வாடிக்கைக்காரரின் கடனைச் சென் வரை எழுதி வைக்கும் எங்களிடம், அவர் நேரத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

நோட்டில் உள்ளபடியே கொடுத்துத் தீர்த்தோம். ஆனால் அந்த நோட்டு ஏழாம் மாதத்தில்தான் தொடங்கியிருந்தது. முதல் ஆறு மாதத்துக்கு அவரிடமும் குறிப்பில்லை, எங்களிடமும் இல்லை. மனத்துக்குப் பட்ட ஒரு தொகையைக் கொடுத்து, "பொருந்திக்கொள் தம்பி" என்றோம். பொருந்திக்கொண்டார். அவருடைய ஹக்கு முழுதும் சேர்ந்ததா என்பதை அல்லாஹ்வே அறிவான். அந்தக் கவலை இன்றும் எங்களை விடவில்லை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். இந்நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, மாதம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். மார்ச் மாதச் சம்பளத்துக்கு ஏப்ரல் 7 கடைசி நாள். ஓவர்டைம் கூலியை அடுத்த மாதக் கடைசிக்குள் தீர்க்க வேண்டும். வார வேலை நேரம் 2023 ஜனவரி 1 முதல் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. ஐந்து நாள் எட்டு மணி, ஆறாம் நாள் ஐந்து மணி என்றால் கணக்குச் சரி. வேலையாட்களின் பதிவேட்டை ஆறு ஆண்டு பாதுகாத்து வைக்க வேண்டும்.

அரை மணிதானே என்று எண்ணுகிறோம் அல்லவா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 ஆகஸ்டு முதல் ஐந்து பேருக்குக் குறைவான ஆள் உள்ள சிறு கடைக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 சென். எட்டால் வகுத்தால் ஒரு மணிக்கு 8 வெள்ளி 17 சென். சாதாரண நாளின் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு. அதாவது 12 வெள்ளி 26 சென். தினம் அரை மணி வீதம் 26 நாளுக்கு 13 மணி. ஆக மாதம் 159 வெள்ளி 38 சென்! ஓர் ஆண்டுக்கு 1,900 வெள்ளிக்கு மேல் ஓர் ஏழையின் பணம் நம் கல்லாவில் தங்கி விடுகிறது.

2023 டிசம்பரில் நம் ஜொகூரின் பெங்கெராங்கில் 171 வங்காளதேசத் தொழிலாளர்கள், வந்தும் வேலை கிடைக்கவில்லை என்று புகார் சொல்லக் காவல் நிலையத்துக்கு நடந்தே சென்ற செய்தி நாடெங்கும் பரவியது. அது பெரிய இடத்து விவகாரம், சிறு கடைக்காரருக்கு என்ன என்று இருந்து விடலாகாது. ஆயிரம் பேரின் சம்பளமும் ஒருவரின் சம்பளமும் ஒரே அமானத்துதான்.

ஆகவே செய்ய வேண்டியவை:

முதலாவது, ஒரு தடித்த நோட்டு வாங்கி, ஆளுக்கொரு பக்கம் ஒதுக்குங்கள். வந்த நேரம், ஓய்வு நேரம், போன நேரம் மூன்றையும் அன்றன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதுவது கணக்காகாது.

இரண்டாவது, வாரம் ஒரு முறை அந்த ஆளிடமே காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். தவறிருந்தால் அப்போதே திருத்தலாம்.

மூன்றாவது, சம்பளத்தை வங்கிக் கணக்கில் போட்டு, அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம், பிடித்தம் மூன்றையும் பிரித்துக் காட்டிய சீட்டைக் கையில் கொடுங்கள்.

நான்காவது, தினக் கல்லாவிலிருந்து ஒரு நாள் சம்பளத்தைத் தனியே ஒதுக்கி வாருங்கள். சரக்குக்காரருக்குக் கொடுத்து மிஞ்சியதில் சம்பளம் என்றிருந்தால் ஏழாம் தேதி கட்டாயம் தவறும். எங்களுக்குத் தவறியது இப்படித்தான்.

வியர்வை உலருமுன் கூலி என்ற நபிமொழியை மதரஸாவிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தவணைக் கடனை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. மாதம் முடியும்வரை வேலையாளின் கூலி நம்மீதுள்ள கடன்தானே? வாங்குகிறவருக்குத் தராசு வைத்த நாம், உழைக்கிறவருக்கும் ஒன்று வைப்போம். யாரிடமும் பொருத்தம் கேட்டு நிற்காத வியாபாரத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.