தங்கமீனுக்கு எண்ணூரில் ஏது குளிர்காலம்?

மார்கழி பிறந்தால் தங்கமீனுக்கு இரை போடக் கூடாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கொளத்தூரில் மீன் வாங்கி வந்து முற்றத்துச் சிமெண்ட் தொட்டியில் விட்டவர்கள், தீவன டப்பாவில் அச்சிட்டிருப்பதை நம்பி, பனி மாதங்களில் அதைப் பட்டினி போடுகிறார்கள்.

டப்பாவில் இருப்பது பொய்யில்லை. அது வேறு தேசத்துக்கு எழுதியது. தங்கமீனின் உடம்பு தண்ணீரின் சூட்டை ஒட்டியே இயங்கும். தண்ணீர் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் செரிமானம் ஏறக்குறைய முடங்கிவிடும். குளம் பனிக்கட்டியால் மூடிக்கொள்ளும் நாடுகளில் இரையை நிறுத்துவது அதனால்தான். அந்தக் கட்டிக்கு அடியில் பிராணவாயு தீர்ந்துபோனாலும் இந்த மீன் உடனே சாவதில்லை. உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை எத்தனாலாக, அதாவது சாராயமாக மாற்றிச் செவுள் வழியே வெளியே விட்டுவிடும். அதைச் செய்யும் நொதி எது என்பதை நார்வே, இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2017இல் விளக்கினார்கள்.

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் அந்தச் சாமர்த்தியத்துக்கு வேலையே இல்லை. சென்னையில் ஜனவரி மாத விடியற்காலைகூடச் சராசரியாக 20, 21 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. கடலோரம் இன்னும் கதகதப்பு. அந்தச் சூட்டில் தங்கமீனுக்கு நன்றாகப் பசிக்கும், நன்றாகச் செரிக்கும். சொல்லப்போனால் மார்கழியும் தையும்தான் அதற்கு இங்கே சுகமான காலம். அப்போது போய்ப் பட்டினி போடுவது அநியாயம்.

ஆபத்து சித்திரையில் இருக்கிறது. வெயில் ஏற ஏற மீன் துள்ளிக்கொண்டு மேலே வரும். பசிக்கிறது, அள்ளிப் போடு என்பார்கள். இந்த நம்பிக்கைதான் அதிக மீனைக் கொல்கிறது.

10 டிகிரி நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயு கரையும்; 30 டிகிரியில் ஏழரைதான். காற்று குறைகிற அதே நேரத்தில் மீனின் தேவை கூடுகிறது, தின்றதைச் செரிக்க இன்னும் கூடுகிறது. மிஞ்சிய இரை அழுகி அம்மோனியா ஆகும். அதில் மீனுக்கு நஞ்சாகிற பங்கு, 20 டிகிரியில் இருப்பதைவிட 30 டிகிரியில் ஏறக்குறைய இரு மடங்கு. பாசி படிந்த தொட்டியில் விடிவதற்குச் சற்று முன்புதான் பிராணவாயு மிகக் குறைவு. அந்நேரம் மீன் வாயை நீர்மட்டத்தில் வைத்துச் சப்பிக்கொண்டு, செவுள் மூடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால் அது பசியல்ல, மூச்சுத் திணறல். இரையைக் கையில் எடுக்காமல் ஏர் பம்ப்பைப் போட வேண்டும்.

அனல்மின் நிலையத்தின் சுடுநீர் கழிமுகத்தில் கலந்து மீன் ஒதுங்கிப் போகிறது என்று பல ஆண்டுகளாக முறையிட்டுவரும் ஊர் இது. தண்ணீரின் சூடு மீனை என்ன செய்யும் என்று வலை போடுகிறவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே கணக்குதான் தொட்டிக்கும். கோடையில் வெயில் உறைக்கும் முன், காலை எட்டு ஒன்பது மணிக்குக் கொஞ்சம். மாலையில் இருட்டுவதற்கு வெகு முன்பே கொஞ்சம். இரவில் வேண்டாம். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகிறது. ஆகவே ஒரே வேளையில் கொட்டுவதைவிடச் சிறுகச் சிறுகப் போடுவதே பொருந்தும். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்காதது எல்லாமே அதிகம்.

மழைத் தண்ணீர் மீனுக்கு அமிர்தம் என்பதும் பாதிதான் உண்மை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சிறிய தொட்டியின் சூடும் காரத்தன்மையும் ஒரே இரவில் மாறிவிடும். மீன் அடியில் ஒடுங்கிக் கிடந்தால் ஓரிரு நாள் இரையை நிறுத்தலாம். தெருவெள்ளம் உள்ளே வந்துவிட்டாலோ தண்ணீரையே மாற்ற வேண்டும்; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து படிந்ததை எண்ணூர் பார்த்திருக்கிறது.

கோயில் குளத்துப் பழக்கத்தில் பொரியைத் தூவுவதும் உண்டு. பெரும்பாலும் மாவுச்சத்தே உள்ள பொரி ஊறி உப்பி, தின்றது போக மிச்சமெல்லாம் தண்ணீரைக் கெடுக்கும். கொசுப்புழு, வேகவைத்துத் தோல் உரித்த பச்சைப் பட்டாணி, தரமான குருணைத் தீவனம் இவை போதும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். பாசத்தில் அவர்கள் பிடி பிடியாகப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு நாளுக்கும் உரியதைத் தனித்தனிப் பொட்டலமாக மடித்துக் கொடுத்தால் சிக்கலில்லை. அவர்கள் மறந்தே போனாலும், வளர்ந்த தங்கமீன் ஒரு வாரம் பட்டினியைத் தாங்கும்.