பழைய காரின் முன்சக்கரத்தடியில் ஓர் இயற்பியல் பாடம்

பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் அலகு ‘இயக்க விதிகள்’. அதில் வரும் விசையின் திருப்புத்திறனை நம் மாணவர்கள் வரையறையாகச் சொல்லிவிடுவார்கள். சூத்திரத்தில் எண்களைப் பொருத்தி விடையும் எழுதிவிடுவார்கள். ஆனால் ஒரு ஸ்பானரைக் கையில் கொடுத்து, ‘இதில் விசை எது, தொலைவு எது?’ என்று கேட்டால் தயங்குவார்கள். சென்ற ஆண்டு எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவரின் பழைய மாருதி 800, மழைநீர் தேங்கிய பள்ளத்தில் இறங்கி, முன்பக்க இடது சஸ்பென்ஷன் சேதமானது. பள்ளிக்கு எதிரிலேயே பட்டறை. தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் பெற்று, ஒரு சனிக்கிழமை இருபத்து நான்கு மாணவர்களை இரண்டு குழுவாக அழைத்துச் சென்றேன்.

1983 டிசம்பரில் வெளிவரத் தொடங்கி 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற கார் இது. இன்றும் பட்டறைகளில் பார்க்கலாம். இதன் முன்பக்க அமைப்புக்கு மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் என்று பெயர். ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய இம்முறை, 1950இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஃபோர்டு கான்சல் காரில் இடம்பெற்றது. சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே தூண் அது. மேல்முனை காரின் உடலோடும், கீழ்முனை சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடும் இணைந்திருக்கும். நக்கிளின் அடிப்பகுதியை லோயர் ஆர்ம் என்ற எஃகுக் கை பிடித்துக்கொள்கிறது. இரண்டும் சேருமிடத்தில் பால் ஜாயிண்ட். “நம்ம தோள்பட்டை மாதிரி இருக்கு சார்” என்றான் ஒருவன். பந்துக்கிண்ண மூட்டுக்கு அதைவிட நல்ல விளக்கம் நான் சொல்லியிருக்க முடியாது.

எதையும் கழற்றும் முன் நோயைக் கண்டறிய வேண்டும் என்பதில் மெக்கானிக் உறுதியாக இருந்தார். கார் இடப்பக்கம் இழுத்தது. மேடு பள்ளத்தில் ‘டொக்’ என்ற சத்தம். இடது டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் இரு கைகளால் பிடித்து ஆட்டச் சொன்னார். ஆட்டம் தெரிந்தது. உடனே ஒரு மாணவியை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டினார். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் சக்கர பேரிங்கில் குறை. நிற்காவிட்டால் பால் ஜாயிண்டைப் பார்க்க வேண்டும். இங்கே நிற்கவில்லை. அடுத்து 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினார்கள். அதில் ஆட்டம் இருந்தால் டை ராடு எண்டைச் சந்தேகிக்கலாம். ஒரு காரணியை மாற்றி, மற்றதை மாற்றாமல் வைத்துச் சோதிக்கும் முறையை ஆய்வகத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரு பிரேக் மிதியில் அது புரிந்துவிட்டது.

பாதுகாப்பைப் பற்றி இங்கே சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஜாக்கி காரைத் தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். ஸ்டாண்டு வைக்காத காருக்கு அடியில் மாணவர் கைகூடப் போகக்கூடாது. ஸ்ட்ரட்டின் உச்சியிலுள்ள நடு நட்டை, சுருள்வில்லை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் கழற்றக்கூடாது. ஏன் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டோம். முன்சக்கரம் ஒன்றின் மீது ஏறத்தாழ 2000 நியூட்டன் விசை என்றும், அதனால் வில் 15 செ.மீ. அமுங்குகிறது என்றும் கொள்வோம். சேமிக்கப்படும் ஆற்றல் ½ × 2000 × 0.15 = 150 ஜூல். 15 கிலோ அரிசி மூட்டையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். சக்கரம் தொங்கும்போது இது குறையும், ஆனால் தீர்ந்துவிடாது. இந்த வேலையை மாணவர்கள் பத்தடி தள்ளி நின்றுதான் பார்த்தார்கள்.

லோயர் ஆர்மைக் கழற்றியதும்தான் உண்மையான கேள்வி எழுந்தது. அது வளைந்திருந்தது. புதிது வாங்குவதா, சூடேற்றித் தட்டி நிமிர்த்துவதா? “நிறையப் பேர் தட்டித்தான் போடச் சொல்வாங்க சார். புதுசுன்னா காசு” என்றார் மெக்கானிக். இந்தக் கேள்விக்கு வகுப்பறையில் விடை தேடலாம் என்று எல்லோரிடமும் ஒரு சாண் கட்டுக்கம்பி கொடுத்தேன். கூர்மையாக ஒருமுறை வளைத்து, பிறகு பழையபடி நேராக்க வேண்டும். ஒருவராலும் முடியவில்லை. வளைந்த இடம் நிமிராமல், அதன் இருபுறமும் புதிதாக வளைந்து, நடுவில் ஒரு கூன் நின்றுவிடுகிறது. மீட்சி எல்லையைத் தாண்டி வளைந்த இடம் முன்னைவிடக் கடினமாகிவிடுவதே காரணம். அதே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் கம்பி கையில் சுடும், பிறகு ஒடியும். ஹூக் விதியைச் சொல்லும்போது ‘மீட்சி எல்லைக்குள்’ என்ற சொற்களை வேகமாகக் கடந்துபோவது நம் வழக்கம். அந்தக் கூனைத் தடவிப் பார்த்தவர்கள் இனி அப்படிக் கடக்கமாட்டார்கள்.

சூடேற்றினால் கம்பி எளிதாக நிமிரும் என்று ஒருவன் சொன்னான். சரிதான். ஆனால் அந்தச் சூடு எஃகின் வலிமையையும் மாற்றிவிடும். எவ்வளவு மாறியது என்பதைப் பட்டறையில் அளக்க வழியில்லை. ஓடும்போது இந்தக் கை ஒடிந்தால் சக்கரம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தும் பயனில்லை. கதவு நசுங்கினால் தட்டி நிமிர்த்தலாம். சக்கரத்தைப் பிடித்திருக்கும் பாகத்தைத் தட்டக்கூடாது என்பது என் கருத்து.

அப்போது பின்வரிசை மாணவி எழுந்தாள். “சார், எங்க அப்பா ஆம்னியில போன மாசம் இதைத் தட்டித்தான் போட்டாங்க. பரவாயில்லையா?” அவளுடைய அப்பா அந்த வண்டியில் காய்கறி ஏற்றிச் சந்தைக்குப் போகிறவர். வகுப்பு என்னைப் பார்த்தது. “அப்பாவை ஒருமுறை வந்து என்னைப் பார்க்கச் சொல்லும்மா” என்றேன்.

காருக்குப் புது ஆர்மும் பால் ஜாயிண்டும் வந்தன. திருப்புத்திறன் இங்கேதான் கைக்கு வந்தது. ஒரு நட்டை 60 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்க வேண்டுமானால், 30 செ.மீ. ஸ்பானரின் முனையில் 200 நியூட்டன் விசை வேண்டும். குழாய் செருகி 60 செ.மீ. ஆக்கினால் 100 நியூட்டன் போதும். இரண்டையும் மாணவர்களே செய்து பார்த்தார்கள். ஆர்மின் உட்பக்க போல்ட்டை மெக்கானிக் முதலில் தளர்வாகவே விட்டு, காரைத் தரையில் இறக்கிய பிறகுதான் இறுக்கினார். அங்குள்ள ரப்பர் புஷ், சக்கரம் ஏறி இறங்கும்போது முறுக்கிக்கொள்ளும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், கார் தரையில் நிற்கும்போதெல்லாம் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். டை ராடு நட்டின் ஸ்பிலிட் பின்னையும் புதிதாகப் போட்டார். பழையதை நிமிர்த்திப் போட்டால் என்ன என்று நான் கேட்பதற்குள், “கட்டுக்கம்பி சார்!” என்று பலர் ஒரே குரலில் சொன்னார்கள். கடைசியாக வீல் அலைன்மெண்ட். இந்த வேலைக்குப் பிறகு அதைத் தவிர்த்தால் டயர்தான் செலவுக் கணக்கில் சேரும்.

திங்கள் மாலை மாணவியின் அப்பா வந்தார். “வண்டி நல்லாத்தானே ஓடுது சார்? ஒருநாள் நின்னா அன்னிக்கு வருமானம் போச்சு” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மாதக் கடைசியில் அந்தத் தொகை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே மகள் ஒரு கம்பியை வளைத்து அவர் கையில் கொடுத்தாள். குறடு வாங்கி அதைச் சிறிதுநேரம் நிமிர்த்திப் பார்த்தவர், ஒன்றும் சொல்லாமல் கிளம்பினார்.

பத்து நாள் கழித்து அவள் பழைய ஆர்மைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தாள். எண்ணெயும் அழுக்கும் போகத் துடைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தோம். விரிசல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அதை மாணவர்களிடம் அப்படியே சொன்னேன். “அப்படின்னா அங்கிள் காசு வீணா சார்?” என்று ஒருவன் கேட்க, வகுப்பில் நல்ல வாக்குவாதம். அவள் பேசவில்லை, சுற்றி வந்த தாளை விரித்துக் காட்டினாள். பட்டறையில் புதிய ஆர்மையும் பழையதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பேனாவால் கோடு வரைந்திருந்தாள். ஒரு முனையைச் சேர்த்து வைத்தால் மறுமுனையில் 6 மி.மீ. இடைவெளி. நிமிர்ந்ததாக நினைத்த ஆர்ம் அவ்வளவு குட்டையாகவே இருந்திருக்கிறது.

கணித ஆசிரியர் அந்தத் தாளை வாங்கிப்போனார். 57 செ.மீ. உயரத்துக்கு 1 செ.மீ. விலகினால் சாய்வு ஏறத்தாழ 1 டிகிரி என்பதைக் கொண்டு, அந்தச் சக்கரம் எத்தனை டிகிரி சாய்ந்து ஓடியிருக்கும் என்று முக்கோணவியல் வகுப்பில் கணக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டு ஆர்ம்களும் இப்போது எங்கள் ஆய்வகத்தில், சுருள்வில் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.