குடிபெயரும் சுழியோடி வாத்து: வாழ்வும் பாதுகாப்பும்

மாணவர்களே, இசைவாக்கம், வாழிடம், மண்ணரிப்பு ஆகியவற்றைத் தனித்தனிப் பாடங்களாகக் கற்றிருப்பீர்கள். ஒரு பறவையைக் கொண்டு இம்மூன்றையும் இணைத்து விளங்கிக்கொள்வதே இப்பகுதியின் நோக்கமாகும்.

1. பறவையை அறிதல்

ஆங்கிலத்தில் ‘கொமன் பொச்சார்ட்’ எனப்படும் வாத்தின் விஞ்ஞானப் பெயர் அய்தியா ஃபெரினா. ஆண் பறவைக்குச் செங்கபில நிறத் தலையும் கறுப்பு மார்பும் சாம்பல் நிற முதுகும் உண்டு. பெண் பறவை மங்கிய கபில நிறமானது. ஐரோப்பா முதல் சைபீரியா வரையுள்ள நன்னீர் ஏரிகளில் இவை இனம்பெருக்குகின்றன. பெண் பறவை பொதுவாக 8 – 10 முட்டைகள் இட்டு, ஏறத்தாழ 25 நாட்கள் தனியாகவே அடைகாக்கும்.

குளிர்காலத்தில் வடக்கே ஏரிகள் உறைவதால் இரை கிடைப்பதில்லை. எனவே இவை தெற்கு நோக்கிக் குடிபெயர்கின்றன. மத்திய ஆசியப் பறப்புப் பாதை வழியாக இந்தியாவை அடைபவற்றுள் ஒரு பகுதி, ஒடிசா மாநிலத்தின் சிலிக்கா ஏரியில் தங்குகின்றது. இலங்கையில் இவ்வினத்தைக் காண்பது மிக அரிது. மன்னார் வங்காலை போன்ற இடங்களுக்கு வரும் ஊசிவால் வாத்துகள், தலையை மட்டும் நீரில் அமிழ்த்தி இரைதேடும் வகையைச் சேர்ந்தவை.

2. இசைவாக்கங்கள்

• கால்கள் உடலின் பின்புறமாக அமைந்துள்ளன. இது நீருக்கடியில் உந்திச் செல்ல உதவும். ஆனால் தரையில் நடப்பது கடினம்.
• விரலிடைச் சவ்வுடைய பெரிய பாதங்கள் துடுப்புப் போலத் தொழிற்படும்.
• உடல் பருமனானது, சிறகு சிறியது. ஆகவே நீரின் மேல் சிறிது தூரம் ஓடிய பின்னரே பறந்தெழும்.
• நீர்த்தாவரங்களின் வேர், வித்து, நத்தை, பூச்சி ஆகியன உணவாகும்.

3. எதிர்நோக்கும் ஆபத்துகள்

இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2015 இல் இவ்வினத்தை அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனமாக வகைப்படுத்தியது. ஈரநிலங்கள் குறைதல், நீர் மாசடைதல், வேட்டை என்பன முக்கிய காரணங்கள். உணவை அரைப்பதற்காகச் சிறுகற்களை விழுங்கும் வாத்துகள், வேட்டைக்காரர் விட்ட ஈயக் குண்டுகளையும் விழுங்கி நஞ்சூட்டப்படுகின்றன. இதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2023 பெப்ரவரி முதல் ஈரநிலங்களில் ஈயக் குண்டுப் பாவனையைத் தடைசெய்தது.

4. சிலிக்கா தரும் பாடம்

சிலிக்கா 1981 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. எனினும் ஆறுகள் கொண்டுவந்த வண்டல் ஏரியை நிரப்பியது, கடல்வாய் அடைபட்டது. உவர்த்தன்மை குறைந்து களைகள் பரவின, மீன்வளம் குன்றியது. 1993 இல் ஆபத்திலுள்ள ஈரநிலங்களுக்கான மொன்ட்ரூ பதிவேட்டில் அதன் பெயர் சேர்க்கப்பட்டது. 2000 செப்டெம்பரில் புதிய கடல்வாய் வெட்டப்பட்டதும் ஏரி மீளத் தொடங்கியது; 2002 இல் அப்பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. கரையோரக் கிராமமான மங்களாஜோடியில் முன்பு பறவைகளை வேட்டையாடிய பலர், பின்னர் அவற்றின் காவலர்களாகவும் சுற்றுலா வழிகாட்டிகளாகவும் மாறினர்.

5. டயகமவும் தூரத்து ஈரநிலமும்

ஏரியை நிரப்பும் வண்டல் மேட்டுநிலத்திலிருந்தே புறப்படுகின்றது. டயகம ஊடாகப் பாயும் ஆக்ரா ஓயாவின் நீர், கொத்மலை ஓயா வழியாக மகாவலியைச் சேர்கின்றது. கவ்வாத்து வெட்டிய மலையில் மழை பெய்யும்போது ஓயா கலங்கி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அம்மண் நீர்த்தேக்கங்களில் படிந்து அவற்றின் கொள்ளளவைக் குறைக்கும். நீரில் கரைந்த பசளை இன்னும் கீழே செல்லக்கூடும். மகாவலியின் கீழ்ப்பகுதியில் குடிபெயர் நீர்ப்பறவைகள் தங்கும் ‘வில்லு’ ஈரநிலங்கள் உள்ளன. எனவே சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுதல், கவ்வாத்து மிலாறுகளை மண்ணின் மேல் பரப்பி விடுதல், ஓயாக் கரையில் மரங்களைப் பேணுதல் ஆகியன தேயிலைக்கு மட்டுமன்றி நீர்ப்பறவைக்கும் பாதுகாப்பாகும்.

நினைவிற் கொள்க: குடிபெயரும் பறவைக்கு இனம்பெருக்கும் இடம், வழித்தங்கல், குளிர்கால வாழிடம் ஆகிய மூன்றும் தேவை. ஒன்று அழிந்தாலும் மற்றவற்றைக் காத்ததன் பயன் குறையும்.

மாதிரி வினாக்கள்

1. ஏரியில் காவல் போடுவது மட்டும் பறவைகளைப் பாதுகாக்கப் போதுமா? காரணம் தருக.
விடை: போதாது. மேட்டுநில மண்ணரிப்பும் பசளைக் கழிவும் ஆற்றின் வழியே வந்து வாழிடத்தைப் பாதிக்கும்.

2. சுழியோடி வாத்துக்கும் ஊசிவால் வாத்துக்கும் இரைதேடும் முறையில் உள்ள வேறுபாடு யாது?

3. உங்கள் தோட்டத்தில் மண்ணரிப்பு நிகழும் ஓர் இடத்தைக் குறிப்பிட்டு, அதைத் தடுக்க இரு வழிகளை எழுதுக.