வயது போனாலும் தசை போகக் கூடாது



நாற்பது வயது தாண்டினால் நம் உடம்பிலுள்ள தசை கொஞ்சங் கொஞ்சமாகக் குறையத் தொடங்கும். 1989இல் ஏர்வின் ரோசன்பேர்க் என்ற அமெரிக்க அறிஞர் இதற்குச் 'சார்க்கோபீனியா' என்று பெயர் வைத்தார். குந்தினால் எழும்ப முடியவில்லை, படி ஏறக் கால் நடுங்குது என்கிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம். மழை நாளில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஆளே படுக்கையாகி விடலாம்.

தசையும் இன்சுலினும்

தசை லயத்துச் சுவர் மாதிரி. தினமும் கொஞ்சம் உதிரும். தினமும் பூச வேண்டும். பூசுகிற சாந்து நாம் சாப்பிடும் புரதம். இன்சுலின் மேசன் மாதிரி. உதிர்வதைத் தடுப்பான், சாந்து இருந்தால் பூசவும் உதவுவான். 1921இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்போர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு முன் இன்சுலின் சுரக்காத பிள்ளைகள் எலும்புந் தோலுமாக உருகி இறந்தார்கள்.

வயதானால் இன்சுலின் சொல்வதைத் தசை முன்போல் கேட்பதில்லை. ஆகவே முதியவருக்குப் புரதம் கூடத்தான் வேண்டும். நாமோ, "வயசான ஆளுக்கு எதுக்கு முட்டை, பிள்ளைக்குக் குடு" என்கிறோம். ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும் மட்டும் கொடுத்தால் மேசன் வருவான், சாந்து இருக்காது.

எவ்வளவு வேண்டும்?

முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்று 2013இல் நிபுணர் குழு ஒன்று சொன்னது. 50 கிலோ எடையென்றால் நாளுக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் உண்டு. 100 கிராம் பருப்பில் ஏறக்குறைய 24, கடலையில் 20. மன்னார்ப் பக்கம் கொண்டச்சியில் விளையும் கஜுவில் 100 கிராமுக்கு 18. விலை கூடிய கஜு இல்லாவிட்டாலும் பருப்பும் கடலையும் போதும். அந்தக் கரையோரக் கருவாடும் நல்லதே. உப்பை ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள். பிரஷர் உள்ளவர்கள் அளவோடு சாப்பிடுங்கள்.

நடையும் மருந்து

2007இல் அமெரிக்காவில் செய்த ஆய்வொன்றில், முதியவர்கள் 45 நிமிடம் நடந்தார்கள். மறுநாள் அவர்களின் தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்கியது. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு நடந்தே வந்த முன்னோரின் பிள்ளைகள் நாம். பென்ஷன் எடுத்ததும் இஸ்தோப்பில் உட்கார்ந்து விடக் கூடாது.

செய்ய வேண்டியவை

1. மூன்று வேளையும் கொஞ்சமாவது பருப்பு, கடலை, முட்டை, மீன் ஒன்று சேருங்கள்.
2. தினமும் நடங்கள். கதிரையில் பத்துத் தரம் உட்கார்ந்து எழும்புங்கள்.
3. சீனி வியாதிக்காரர் மருந்தை, ஊசியைத் தாமாக நிறுத்தக் கூடாது. கட்டுப்பாடு இல்லாத சீனி தசையையும் கரைக்கும்.
4. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்டே புரதத்தைக் கூட்டுங்கள்.

இன்றிரவு கறி பங்கிடும்போது அப்பாயியின் கோப்பையையும் ஒரு தரம் பாருங்கள்.